பணம் கட்டிய பிறகு தெரியும்

துணியைத் தொட்டுப் பார்க்காமல் நான் வாங்கியதே இல்லை. ரவிக்கை தைப்பது என் தொழில். அறந்தாங்கிக்கும் மணமேல்குடிக்கும் நடுவே இருக்கிற எங்கள் ஊரில், வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு இருபத்தோரு வருடமாகத் தைக்கிறேன். லைனிங் துணி ஒரு மீட்டர் எடுக்கப் போனாலும் வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓரத்து நூலை உருவிப் பார்த்து, சாயம் போகுமா என்று ஈர விரலால் தேய்த்துப் பார்த்த பிறகுதான் கடைக்காரர் கத்தரி போட முடியும். "வந்துட்டாங்கய்யா, தாசில்தாரம்மா" என்று அவர் சலித்துக்கொள்வார். சலித்துக்கொள்ளட்டும். கிழிந்தால் என்னிடம்தானே வந்து சண்டை போடுவார்கள்.

அப்படிப்பட்ட நான், எந்தக் கம்பெனி விமானம், எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று எதுவுமே தெரியாமல் ஒரு டிக்கெட் வாங்கினேன். சுற்றுலா போவதற்கு இல்லை. ஆபரேஷனுக்குள் போகும் முன் என் அண்ணனின் முகத்தைப் பார்ப்பதற்கு. ஏன் அப்படி வாங்கினாய் என்று கேட்டால் ஒரே பதில்தான். தள்ளுபடி. இதை எழுதும்போதுகூடக் கூச்சமாக இருக்கிறது.

என்கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் மலேசியாவுக்குப் போனவர், கிள்ளானில் ஒரு லாரிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை வருவார். கடைசியாக வந்தபோது, "ஒரு தடவையாச்சும் வந்து எங்க வீட்டப் பாரு" என்று விடாப்பிடியாக எனக்குப் பாஸ்போர்ட் எடுக்க வைத்தார். அடுத்த வருடம் என் மகளுக்குக் கல்யாணம். அதற்கு அவர் வரவில்லை.

தாய்மாமன் என்றால் எங்கள் பக்கம் வந்து சாப்பிட்டுப் போகிற உறவு இல்லை. பட்டும் மாலையும் தட்டில் வைத்துச் சபையில் கொடுக்க வேண்டும், பெண்ணைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டும். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது போன் பண்ணி, "கம்பெனியில லீவு குடுக்க மாட்டேங்குறான் ஆத்தா" என்றார். பந்தல்காரர் ஒரு பக்கம், சமையல்காரர் ஒரு பக்கம் என்று என்னைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரம். எனக்குக் கோபம் வந்தால் நாக்குக்கு முன்னால் மூளை ஓட முடியாது.

"டிக்கெட்டுக் காசு மிச்சமாச்சுல்லண்ணே? வச்சுக்கிட்டு நல்லா இருங்க" என்றேன்.

அந்தப் பக்கம் போன் கட் ஆனது. பெரியப்பா மகன் ஒருவரை நிறுத்திச் சடங்கை முடித்தோம். மகள் மணவறைக்கு வரும்போது வாசலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அது என் மனதில் தைத்துவிட்டது. அதற்குப் பிறகு ஏழு வருடம் அவரும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. பாஸ்போர்ட் ஒரு முத்திரைகூடப் படாமல் பீரோவில் கிடந்தது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மதினி கூப்பிட்டார். அண்ணனின் மனைவிதான்.

"நெஞ்சுல மூணு எடத்துல அடைப்பு. புதன்கிழமை காலையில ஆப்ரேசன்னு சொல்லிட்டாங்க. ஒங்கள ஒருக்கா பாத்துட்டா தேவலன்னு இவருக்கு மனசுல இருக்கு. வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்கிறாரு. நானாத்தான் கூப்பிடுறேன்."

"வாரேன் மதினி" என்றேன்.

அடுத்த நிமிடம் என் வீட்டுக்காரர் காலண்டர் முன்னால் போய் நின்றார். அவர் மோட்டார் காயில் கட்டுகிறவர். கரண்டைக் கண்டு பயப்பட மாட்டார். ராகு காலத்தைக் கண்டால் நடுங்குவார். எமகண்டத்தில் பல் விளக்கக்கூட யோசிக்கிற ஆள். தினசரிக் காலண்டரின் தாளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நாளைக்குப் போக முடியாதும்மா. திங்கக்கிழமை கிழக்கே சூலம். மலேசியா கிழக்கதான இருக்கு? செவ்வாக்கிழமைக்குப் போடு."

சூலம் இருக்கிற திசைக்கு அன்று பயணம் போகக் கூடாது என்பது அவருடைய சட்டம். அவரோடு வாதாடினால் இன்னும் நாலு தாளைத் தூக்குவார். செவ்வாய்க்கே பார்த்தேன். திருச்சியிலிருந்து காலையில் ஒரு விமானம் இருந்தது. பெயர், நேரம் எல்லாம் தெளிவாகப் போட்டிருந்தது. விலையைப் பார்த்து மூச்சு நின்றது. அதற்குக் கீழே, ஏறக்குறைய பாதி விலையில், சாம்பல் நிறத்தில் இன்னொரு பெட்டி. விமானக் கம்பெனி, புறப்படும் நேரம் இரண்டும் பணம் கட்டிய பிறகு தெரியும். காலை ஆறு மணியிலிருந்து இரவு பன்னிரண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் இருக்கும். வாங்கிவிட்டால் மாற்ற முடியாது, பணமும் திரும்பாது.

ஓசூரில் இருக்கும் என் மகள் இப்படி ஒரு டிக்கெட்டில் டெல்லி போய்வந்து பெருமையடித்திருக்கிறாள். யாரும் வாங்காமல் காலியாகக் கிடக்கும் சீட்டைத் தங்கள் பெயர் வெளியில் தெரியாமல் தள்ளிவிட அந்தக் கம்பெனிகள் செய்கிற வேலையாம். எனக்கு அது உடனே புரிந்தது. பெரிய ஜவுளிக்கடைகளிலும் ஆடி முடிந்து மிஞ்சிய சேலையை லேபிளைக் கிழித்துவிட்டு வெளியே மேசையில் குவிப்பார்கள்.

மனதுக்குள் கணக்குப் போட்டேன். ராத்திரி பதினொன்றுக்குக் கிளம்பினாலும் நாலு மணி நேரம். விடிவதற்குள் போய்விடலாம். காலையில் போனால் என்ன, ராத்திரி போனால் என்ன? அந்த ஒரு நிமிடத்தில் என் அண்ணன் என் கண்ணில் இல்லை, அந்தப் பாதி விலைதான் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பொத்தானை அழுத்தும்போது ஒரு சின்ன சந்தோஷம்கூட வந்தது.

வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரரும் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். திரை வெளுத்தது. நான் கேள்விப்பட்டே இராத ஒரு கம்பெனியின் பெயர். செவ்வாய், மதியம் மூன்று இருபது.

"அப்பாடா" என்றேன்.

"என்ன அப்பாடா?" அவர் காலண்டருக்கே திரும்பிப் போயிருந்தார். "செவ்வா மூணுலருந்து நாலரை ராகு காலம்."

"பிளேன்காரன்கிட்டப் போயிச் சொல்லுங்க."

அவர் காதில் விழவில்லை. தாளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையில் கை வைத்தார். "அடக் கடவுளே. செவ்வாக்கிழமை வடக்கே சூலம். திருச்சி நமக்கு வடக்கேல்ல இருக்கு!"

"நீங்கதானங்க செவ்வாக்கிழமைக்குப் போடச் சொன்னீங்க?"

"அது மலேசியாவுக்குச் சொன்னேன். திருச்சிய நெனைக்கல" என்றார் பரிதாபமாக. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். பரஸ்தானம். நல்ல நேரம் பார்த்துப் பயணச் சாமான் ஒன்றை முன்கூட்டியே வெளியேற்றி, போகிற திசையில் இன்னொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்தில் கிளம்பினாலும், போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு போனால் தோஷம் இல்லை. திங்கட்கிழமை சாயங்காலம் நல்ல நேரம் இருந்தது. நான் ஒரு பழைய சேலையைச் சுருட்டிப் பையில் வைத்தேன். அவர் அதை எடுத்து வெளியே போட்டார்.

"சும்மா பேருக்கு வைக்கக் கூடாதும்மா. எது இல்லாமப் போக முடியாதோ அதத்தான் வைக்கணும்."

எது இல்லாமல் போக முடியாது? மலேசியாவுக்கு இப்போது விசா வேண்டாம், பாஸ்போர்ட் இல்லாமல் முடியாது. அதைக் கைப்பையில் போட்டு, வடக்கே நாலு வீடு தள்ளி இருக்கிற அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். அந்த அக்காதான் நான் தைக்கிற ரவிக்கைக்கெல்லாம் கொக்கி வைத்துக் கொடுப்பவர். தனியாக இருப்பவர், நாணயமானவர். கைப்பையைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, "நான் எங்கிட்டுப் போகப் போறேன், வீட்டுலதான் இருப்பேன், நீங்க வந்து எடுத்துக்கங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை கார் பத்து மணிக்கே வந்துவிட்டது. பத்தரை வரைக்கும் எமகண்டம். அதுவரை வாசல்படி தாண்ட விடமாட்டேன் என்று அவர் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வடக்கே சூலத்துக்குப் பரிகாரம் பால் என்று ஒரு டம்ளர் பால் வேறு. எனக்குப் பாலைக் கண்டாலே குமட்டும். குடித்தேன். பத்து முப்பத்தொன்றுக்கு இறங்கினோம். கார் நாலு வீடு தள்ளிப் போய் நின்றது.

அக்கா வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது.

போன் போட்டேன். உள்ளே சாமி பாட்டு கேட்டது. அக்காவின் போன் பூட்டிய வீட்டுக்குள் இருந்து பாடியது. மறுபடி போட்டேன். மறுபடி பாடியது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"ஒங்களுக்குத் தெரியாதா? மீமிசல்ல அவங்க சித்தப்பா தவறிப்போயிட்டாரு. விடிஞ்சதும் சேதி வந்துச்சு, அழுதுக்கிட்டே மொத பஸ்ஸுக்கு ஓடுச்சு."

மீமிசலுக்குப் போய், துக்க வீட்டில் அக்காவைத் தேடி, சாவி வாங்கித் திரும்பி வந்தால் மணி பன்னிரண்டரை. அதற்கு மேல் திருச்சிக்குப் போனால் கவுண்டரை மூடியிருப்பார்கள். இந்த டிக்கெட்டை மாற்ற முடியாது. அடுத்த நாள் காலையில் அண்ணனை உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். வெளியே வருவாரோ மாட்டாரோ. நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்காரரைத் திட்டினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். "ஒங்க காலண்டர அடுப்புல போட. ஏழு வருசம் கழிச்சு எங்கண்ணன் என்னப் பாக்கணும்னு கேட்டிருக்காரு. இப்ப நேரம் பாருங்க, நல்லாப் பாருங்க." தெருவே கேட்டது. அவர் திரும்பி வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். நியாயமாகப் பார்த்தால் அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? மாற்ற முடியாத டிக்கெட்டை வாங்கியது நான்.

அவர் ஆக்சா பிளேடோடு திரும்பி வந்தார். பட்டறையில் இரும்பு அறுக்கிற ரம்பம். ஒரு கையால் பூட்டைப் பிடித்துக்கொண்டு வளையத்தில் பிளேடை வைத்து இழுக்க ஆரம்பித்தார். எனக்கே பயமாகிவிட்டது. சாவு நடந்த நாளில், இன்னொருத்தர் வீட்டுப் பூட்டை, இந்த மனுஷர்.

"நேரம் பாத்தீங்களா?" என்றேன். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டேன்.

"பேசாம இரு" என்றார். நிமிரக்கூட இல்லை.

கூட்டம் சேர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் விடவில்லை. "துக்கத்துக்குப் போன வீடுண்ணே. அதுக்குள்ள இருந்த பையவா நல்ல காரியத்துக்குத் தூக்கிட்டுப் போறீங்க?"

"அந்தப் பை நேத்தே கெளம்பிருச்சு. நாங்க சேந்துக்கத்தான் வந்தோம்" என்றார் அவர், அறுத்துக்கொண்டே. சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. கடைசியில் வளையம் டக்கென்று விட்டது. உள்ளே போனேன். சாமி படத்துக்குக் கீழே கைப்பை அப்படியே இருந்தது. அதன் மேல் அக்கா ஒரு செம்பருத்திப் பூவை வைத்திருந்தார். அது இன்னும் வாடவில்லை. அழுதுகொண்டு ஓடுகிற அவசரத்திலும் எனக்காகப் பூ வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று தோன்றியதும் எனக்கு அழுகை முட்டியது. வீட்டுக்காரர் தன் பட்டறைப் பூட்டை அந்தக் கதவில் மாட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தார்.

காரில் புதுக்கோட்டை தாண்டி, நார்த்தாமலை வரும்போது அவருடைய உள்ளங்கையைப் பார்த்தேன். பிளேடு பட்டு இரண்டு இடத்தில் கீறியிருந்தது. என் முந்தானையால் துடைத்தேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை. கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் எனக்கு அவரை அவ்வளவு பிடித்த நாள் வேறு இல்லை. விமான நிலைய வாசலில், "போயிட்டு வா" என்றார். ராகு காலத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

என் சீட் நடுவில் இருந்தது. அந்தப் பக்கம் ஒருவர் தூங்கி என் தோளில் சாய்ந்தார், இந்தப் பக்கம் ஒரு அம்மா ஊறுகாய் பாட்டிலை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். விமானத்துக்கு ஒரு குறையும் இல்லை. எல்லாரும் ஏறுகிற விமானம்தான். பெயர் தெரியாமல் ஏறினாலும் அது போகிற இடத்துக்குத்தான் போகும். நான் பயந்தது அதற்கில்லை. இறங்கப் போகும்போது, அந்த ஊர் நேரம் இரவு ஒன்பதே முக்கால் என்று அறிவித்தார்கள். என் கடிகாரத்தில் ஏழே கால். இரண்டரை மணி நேரம்! அங்கே கடிகாரம் முன்னால் ஓடுகிறது என்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. அந்தச் சாம்பல் பெட்டிக்குள் ராத்திரி பதினொன்று என்று இருந்திருந்தால், நான் வந்து இறங்கும்போது அங்கே விடிகாலை ஐந்தரை ஆகியிருக்கும். பாஸ்போர்ட் வரிசையில் நின்று, வெளியே வந்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அண்ணனை உள்ளே தள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். என் சாமர்த்தியம் என்னைக் காப்பாற்றவில்லை. ஏதோ ஒரு கம்பெனிக்கு மதிய விமானத்தில் ஒரு சீட் மிஞ்சியிருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு தரை இறங்குகிற வரைக்கும் கையைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

புதன்கிழமை காலை ஆறரைக்கு மதினி என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அண்ணன் பச்சை அங்கியில் கட்டிலில் சாய்ந்திருந்தார். முடி மொத்தமும் நரைத்துவிட்டது. மீசையை எடுத்துவிட்டார்கள். அந்த முகம் எனக்குப் பழக்கமே இல்லாததாக இருந்தது. நான் வாசலிலேயே நின்றேன்.

"வா ஆத்தா" என்றார். குரல் மட்டும் அப்படியே இருந்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன பேசுவது? ஏழு வருடத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது? அவரே ஆரம்பித்தார்.

"பயணமெல்லாம் எப்படி? எந்த பிளைட்டு?"

நான் கம்பெனிப் பெயரைச் சொன்னேன். "அது மதியம்ல கெளம்பும்? அதையா எடுத்தே?" என்றார். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

"நான் எடுக்கலண்ணே. அது எதுன்னே எனக்குத் தெரியாது. பணம் கட்டுன பொறகுதான் சொன்னான். வெலை கம்மின்னு வாங்கிட்டேன். நைட்டு பிளேனா இருந்திருந்தா ஒங்களப் பாத்திருக்க மாட்டேன். ஒங்களப் போயி அன்னைக்கு அப்படிப் பேசிட்டு, இன்னைக்கு நான் பண்ணிருக்கிற வேலையப் பாருங்க" என்றேன். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதுவிட்டேன்.

அண்ணன் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். சத்தமில்லாமல், தோள் குலுங்க. மதினி பயந்துபோய் எழுந்துவிட்டார்.

"நானும் அதே டிக்கெட்டுத்தான் ஆத்தா வாங்குனேன்" என்றார். "ஒம் மக கல்யாணத்துக்கு."

எனக்குப் புரியவில்லை.

"வெள்ளிக்கிழமை காலையில முகூர்த்தம். வியாழக்கிழமைக்கு ஒண்ணு சல்லிசாக் கெடந்துச்சு. பேரும் நேரமும் பொறகு தெரியும்னான். எந்நேரமா இருந்தா என்ன, ராத்திரிக்குள்ள போயிருவோம்னு கட்டிட்டேன். கட்டுன பொறகு பாத்தா, வியாழக்கெழமை ராத்திரி கெளம்பி, இன்னொரு ஊர்ல எறக்கி ஒக்கார வச்சு, வெள்ளிக்கெழமை மத்தியானந்தான் திருச்சிக்குப் போகுது. வேற டிக்கெட்டு எடுக்க அன்னைக்கு எனக்கு வசதியில்ல. தாலி கட்டி, பந்தியும் முடிஞ்ச பொறகு தாய்மாமன் பொட்டியத் தூக்கிட்டு வந்து நின்னா ஊரு என்ன பேசும்? லீவு குடுக்கலன்னு சொல்லிட்டேன்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்லண்ணே?"

"நீதான் சரியாச் சொல்லிட்டியே. டிக்கெட்டுக் காசு மிச்சமாச்சான்னு. நீ பொய்யாத் திட்டியிருந்தா நான் சண்டைக்கு வந்திருப்பேன். உண்மையச் சொல்லிட்ட. அப்பறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுறது?"

நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றார். ஏழே முக்காலுக்குக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு வரைக்கும் அவர் கையை விடாமல் கூடவே நடந்தேன். கதவு மூடியது. என் போன் அடித்தது.

"உள்ள கொண்டு போயிட்டாங்களா? மணி என்ன?" என்றார் என் வீட்டுக்காரர்.

இருபத்தொன்பது வருடம் அவரோடு குடித்தனம் பண்ணியதில் எல்லாம் மனப்பாடம். புதன்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது எமகண்டம். "ஏழே முக்கால்" என்றேன்.

காலண்டர் தாள் புரளுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "இங்க அஞ்சே கால்தான் ஆகுது. அவரு நம்ம ஊர்ல பொறந்தவரு, நம்ம நேரந்தான் அவருக்குச் செல்லும். நல்லாத்தான் இருக்கு. நீ பயப்படாம இரு."

அந்தக் காலண்டரை அடுப்பில் போடச் சொன்ன வாயால் இப்போது என்ன சொல்வது? "சரிங்க" என்றேன்.

காத்திருந்த நேரத்தில் மதினி ஒரு விஷயம் சொன்னார். என் மகளுக்கென்று அண்ணன் அப்போது எடுத்த அரக்குப் பட்டு வீட்டில் பீரோவில் அப்படியே இருக்கிறதாம். பட்டுச் சேலையை ஒரே மடிப்பில் விட்டுவிட்டால் மடிப்பு ஓரம் இற்றுப்போகும், ஜரிகை ஒடிந்துவிடும். வருடத்துக்கு ஒரு தடவையாவது பிரித்து, காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். என்னிடம் ரவிக்கை தைக்க வருகிறவர்களுக்கெல்லாம் நான் பாடுகிற பாட்டு இது.

"ஒவ்வொரு வருசமும் ஆவணி மாசம், அந்தக் கல்யாண நாளன்னைக்கு, வேலைக்கு லீவு போட்டுட்டு அவரே எடுத்து மடிப்ப மாத்தி வைப்பாரு. பட்டறைக் கை, கரகரன்னு இருக்கும், நூல இழுத்துரும். அதுக்காக முந்துன நாளே தேங்காண்ணெய் போட்டுக் கழுவி வைப்பாரு. என்னத் தொட விட மாட்டாரு" என்றார் மதினி.

நான் எழுந்து சுவரோரமாகப் போய் நின்றுகொண்டேன். ஏழு வருடம். டிக்கெட்டுக் காசை மிச்சம் பிடித்து நிம்மதியாக இருக்கிறார் என்று நான் கறுவிக்கொண்டிருந்த ஏழு வருடமும், மகள் கல்யாண நாளன்று நான் மட்டும் அழுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பதினெட்டு நாள் இருந்தேன். கிளம்புவதற்கு முந்தின நாள், "அந்தப் பட்ட எங்கிட்டக் குடுங்கண்ணே, அவகிட்டச் சேத்துருறேன்" என்று கேட்டேன். பீரோவைத் திறந்து காட்டினார். கையில் எடுத்துப் பார்த்தேன். வழக்கம்போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு இழை இற்றுப்போகவில்லை. அவர் அதை என்னிடமிருந்து வாங்கித் திரும்பவும் உள்ளே வைத்தார்.

"நீ கொண்டு போனா அது பார்சல். நான் கொண்டாந்தாத்தான் சீரு" என்றார்.

வருகிற தை மாதம் என் பேத்திக்குக் காது குத்து. போன வாரம் என் போனுக்கு அண்ணனின் டிக்கெட் வந்தது. விமானத்தின் பெயர், நம்பர், நேரம், சீட் எல்லாம் தெளிவாக இருக்கிறது. விசேஷத்துக்கு ஒன்பது நாள் முன்னாலேயே வந்து இறங்குகிறார்.